சபுராளியும் சங்கச் சீட்டும்

திருப்பூரிலிருந்து ஊத்துக்குளி செல்லும் சாலையை ஒட்டிய மண்ணரை, ஒரு காலத்தில் தனி ஊராட்சியாக விளங்கி, பின்னர் மாநகராட்சியோடு இணைந்த ஊர். அவ்வூரில் நம் நண்பர் ஒருவரின் இல்லத்திற்கு அண்மையில் சென்றிருந்தோம். நண்பர் பனியன் கம்பெனியில் ஆயுளைக் கழித்தவர். 1984ஆம் ஆண்டுப் பெரும் வேலைநிறுத்தத்தில் பங்குகொண்டவர். அவருடைய மகன் கட்டிங் மாஸ்டர். யோர்தான் நாட்டு ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு வேலை உறுதியாகியிருந்தது. பயணப் பெட்டி நடுக்கூடத்தில் திறந்து கிடந்தது. பாஸ்போர்ட், விசாத் தாள், மருத்துவச் சான்று, சான்றிதழ்களின் நகல்கள் என ஒவ்வொன்றாக எடுத்து வைத்த அந்த இளைஞர், இறுதியாகச் சிறு அட்டை ஒன்றைக் கையிலெடுத்துத் தயங்கி நின்றார். அது அவருடைய தொழிற்சங்க உறுப்பினர் அட்டை.

"அத்தா, இதைக் கொண்டுபோனால் அங்கே செல்லுமா?" என்று கேட்டார்.

தந்தை நம்மைப் பார்த்தார். "நீங்கதான் சொல்லணும் பாய், நாலு விஷயம் படிச்சவங்க" என்றார்.

அன்று நாம் சொன்ன விடை அரைகுறையானது. இல்லம் திரும்பிய பின்னரும் அந்த வினா நம்மை விடவில்லை. ஏனெனில் அவ்விளைஞர் இரு வகையிலும் சிறுபான்மையர். பிறந்த சமுதாயத்தால் சிறுபான்மையர் என்பது வெளிப்படை. அவர் வேலை பார்த்த கம்பெனியிலோ பெரும்பாலோர் எச்சங்கத்திலும் இல்லை; இருந்தவர்களிலும் பலர் வேறு சங்கத்தினர்; அவருடைய சங்கத்திற்கு அங்கே எட்டே உறுப்பினர்கள். இத்தகைய ஒருவர் கைத்தொழிலை நம்பிக் கடல் கடக்கும்போது அவரோடு எது செல்கிறது, எது கரையிலேயே நின்றுவிடுகிறது? இதற்கு விடை தேட நம் சமுதாய வரலாற்றின் சில ஏடுகளைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

தொழில் பயணம் செய்யும் என்பதற்குத் திருப்பூரே சான்று. இன்று உலகம் அறிந்த இந்தப் பின்னலாடை நகரில் முதல் பின்னல் ஆலையை நிறுவியவர் குலாம் காதர் சாகிபு என்பதை நம் இளைஞர்களில் எத்தனை பேர் அறிவர்? பேபி நிட்டிங் என்ற பெயரில் அவ்வாலை 1925ஆம் ஆண்டு தொடங்கியதாகக் கூறுவர். கல்கத்தாவில் அதற்கு முன்பே வேரூன்றியிருந்த தொழில் அது. பருத்திச் சந்தையாக இருந்த ஊர், ஒரு பயணியின் கண்பட்ட இயந்திரத்தால் பனியன் ஊராயிற்று. பின்னர் 1978ஆம் ஆண்டு வாக்கில் இத்தாலிய வணிகர் ஒருவர் வெள்ளைப் பனியன் தேடி வந்ததும், ஏற்றுமதி பெருகியதும், 1990இல் ஏற்றுமதியாளர் சங்கம் அமைந்ததும் பலரும் எழுதிய செய்திகள். அவற்றை இங்கே விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நாம் விரித்துரைக்க விரும்புவது வேறொரு பயணத்தை. அது கடையநல்லூர் நெசவாளர்களின் பயணம்.

அன்றைய திருநெல்வேலிச் சீமையில், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ள கடையநல்லூரிலும் தென்காசியிலும் வாழ்ந்த நம் மக்களில் பெரும்பாலோர் தறியில் வாழ்ந்தவர்கள். ஆலைத்துணியின் வரவால் கைத்தறி தளர்ந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சம் தளர்ந்ததை வீழ்த்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அவர்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறினர்.

கீழக்கரையிலிருந்தும் நாகூரிலிருந்தும் இராமநாதபுரத்துச் சிற்றூர்களிலிருந்தும் சபுர் சென்றோர் பெரும்பாலும் மனைவி மக்களை ஊரில் விட்டுச் சென்ற ஆடவர். இரண்டாண்டுக்கோ மூன்றாண்டுக்கோ ஒரு முறை வந்து திரும்பும் சபுராளிகள். கடையநல்லூர் மக்களோ குடும்பத்தோடு சென்றார்கள். மனைவியும் மக்களும் சேர்ந்தே கப்பலேறினர். சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் பகுதியில், துறைமுகத்திற்கு அண்மையில் குடியமர்ந்தனர். ஆடவர் துறைமுகத்திலும் பிற இடங்களிலும் கூலி வேலைக்குச் சென்றனர். பெண்டிர் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினர். நம் சமுதாயப் பெண்கள் உழைத்த வரலாற்றை எழுதப் புகுவோர் இந்த அம்மிக் கற்களிலிருந்தே தொடங்கலாம் என்பது நம் கருத்து.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். சென்றவர்கள் தொழில் தெரியாத கூலிகள் அல்லர். பாவு ஓட்டவும் இழை பிணைக்கவும் தலைமுறை தலைமுறையாகப் பழகிய கைகள் அவை. ஆனால் அக்கரையில் அந்தக் கைகளுக்குத் தறி இல்லை. துறைமுகத்தில் தேவைப்பட்டது தோள்வலிமை. கைத்திறன் ஊரிலேயே நின்றுவிட்டது. எனினும் உடன் சென்றது ஒன்று உண்டு. அது ஊர்க் கட்டுப்பாடு. ஒருவர் நோயுற்றால் ஊரார் கூடுவர். ஒருவர் வஃபாத்தானால் அடக்கத்திற்கு ஊரார் பொறுப்பேற்பர். அந்தக் கட்டுப்பாடே 1941ஆம் ஆண்டு சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற அமைப்பாக உருப்பெற்றது. சப்பானியர் ஆட்சியின் கொடுமை நீங்கியதும், 1946இல் அவ்வமைப்பினர் உமறுப் புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளியை நிறுவினர். சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயரைத் துறைமுகத் தொழிலாளர்களின் பிள்ளைகள் படித்த பள்ளி தாங்கி நின்றது! பின்னர் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்த அது 1982இல் மூடப்பட்டது. ஆயினும் சிங்கப்பூரின் தமிழ்மொழி நிலையம் இன்றும் உமறுப் புலவர் பெயரையே கொண்டுள்ளது.

இவையெல்லாம் நம் மலர்களிலும் மாநாட்டுச் சிறப்பிதழ்களிலும் பெருமையோடு பதிவானவை. பதிவாகாத பகுதி ஒன்றுண்டு. 1945 அக்டோபரில், போர் முடிந்து இரண்டே திங்களில், தஞ்சோங் பகார் துறைமுகத்தில் ஏறத்தாழ 7,000 தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சாவகத்து மக்களின் விடுதலைப் போரை ஒடுக்கப் படைக்கருவி ஏற்றிச்செல்லும் டச்சுக் கப்பல்களுக்கு உழைக்க மாட்டோம் என்பது அவர்கள் முழக்கங்களுள் ஒன்று. சீனரும் இந்தியரும் மலாய்க்காரரும் உழைத்த துறைமுகம் அது. அதன் வாயிலில்தான் நம் கடையநல்லூர் மக்களின் குடியிருப்பு. ஆனால் அன்று அக்குடியிருப்புகளில் என்ன பேசினார்கள், யார் முன்நின்றார்கள், யார் அஞ்சி ஒதுங்கினார்கள் என்பதை நம்மவர் எவரும் எழுதி வைக்கவில்லை. பள்ளிவாசலுக்கு யார் எவ்வளவு நன்கொடை அளித்தார் என்பதை எழுதினோம். தொழிற்சங்கத்திற்கு யார் சந்தா கட்டினார் என்பதை எழுதவில்லை. ஊர்ச் சங்கம் நமது; தொழிற்சங்கம் பிறரது என்ற எண்ணம் நம்மிடம் இருந்ததோ என்று ஐயுறுகிறோம்.

இவ்விரண்டும் வெவ்வேறு நிழல்கள். ஊர்ச் சங்கம் நாம் செல்லும் கப்பலிலேயே நம்மோடு வரும். அங்கே நம் மொழி, நம் முறை, நம் உறவு. நோய்க்கும் சாவுக்கும் அது துணை. ஆனால் கூலி குறைந்தால் ஊர்ச் சங்கத்தால் முதலாளியிடம் பேச முடியாது. சில வேளைகளில் முதலாளியே அதன் புரவலராகவும் இருப்பார்! கூலிக்குப் பேச வேண்டுமானால் அருகில் நின்று மூட்டை தூக்கும் சீனரோடும் மலையாளியோடும் ஒரே பந்தியில் அமர வேண்டும். அங்கே நாம் புதியவர், சிலர், மொழி தெரியாதவர். அக்கதவு எளிதில் திறப்பதில்லை. திறந்தாலும் அதைச் சட்டம் பாதியிலேயே தடுத்து நிறுத்துவதுண்டு.

சட்டம் என்றோம். கடல் கடக்கும் தொழிலாளரைப் பற்றி அன்றைய இந்திய அரசு 1922இல் இயற்றிய குடியேற்றச் சட்டம் அவரை இரண்டாகப் பிரித்தது. திறன் சாராத வேலைக்குச் செல்வோர் ஒரு வகை. அரசு அறிவித்த நாடுகளுக்கே அவர்கள் செல்லலாம். திறன் சார்ந்த வேலைக்குச் செல்வோர் மற்றொரு வகை. கைவினைஞர் மட்டுமன்றி எழுத்தர், கடை உதவியாளர், உணவு விடுதிப் பணியாளர், வீட்டு வேலையாள் ஆகியோரையும் அதில் அடக்கினர். அத்தகையோரை அழைத்துச் செல்ல விரும்புவோர் எத்தனை பேர், எவ்விடம், என்ன உடன்படிக்கை, திரும்பி வருவதற்கு என்ன ஏற்பாடு என்றெல்லாம் மாகாண அரசிடம் விண்ணப்பிக்க வேண்டும். உடல்நலம் கேட்டனர், ஊதியம் கேட்டனர், திரும்பும் வழி கேட்டனர். அங்கே அவருக்குச் சங்கம் சேரும் உரிமை உண்டா என்று மட்டும் கேட்கவில்லை. நான்கே ஆண்டுகள் கழித்து, 1926இல், இந்தியாவுக்குள் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம் என்றது அது. (2001ஆம் ஆண்டுத் திருத்தம் இதைக் கடினமாக்கி, தொழிலாளரில் பத்தில் ஒரு பங்கினர் அல்லது நூறு பேர் வேண்டும் என்றது.) எனவே சிறிய சங்கம் என்பது நம் நாட்டில் சட்டப்படி வாழக்கூடிய ஒன்று. ஓர் ஆலையில் ஐந்தாறு சங்கங்கள் இருப்பது நமக்கு வியப்பில்லை. திருப்பூரின் ஊதியப் பேச்சுவார்த்தைகளிலேயே பல கொடிகளின் சங்கங்கள் ஒரே மேசையில் அமர்கின்றன. அந்த உரிமையோ நாகப்பட்டினத்துக் கப்பல் துறையோடு முடிந்தது.

மலாயாவில் நிகழ்ந்ததைப் பாருங்கள். தஞ்சை மண்ணில் பிறந்து இளமையிலேயே கடல் கடந்த எஸ். ஏ. கணபதி, நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் பயிற்சியாளராக இருந்தவர்; போருக்குப் பின் அனைத்து மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானவர். சீனர் மிகுதியாக இருந்த ஓர் இயக்கத்தின் தலைமையில் ஒரு தமிழர்! 1948 ஜூன் திங்களில் ஆங்கில அரசு சங்கச் சட்டத்தைத் திருத்தியது. சங்கத்தின் பொறுப்பில் இருப்பவர் அந்தந்தத் தொழிலில் மூன்றாண்டு அனுபவம் உடையவராக இருக்க வேண்டும். ஒத்த தொழில்களின் சங்கங்களே கூட்டமைப்பு ஆகலாம் என்றது. படிப்போருக்கு நியாயமாகத் தோன்றும் இவ்விரு வரிகளால் சம்மேளனம் கலைந்தது. அதே திங்களில் நெருக்கடி நிலை வந்தது. துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில் கணபதிக்கு மரண தண்டனை விதித்தனர். நேரு அரசு தலையிட்டும் பயனில்லை. 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அவருடைய அரசியல் நமக்கு உடன்பாடா என்பது வேறு வினா. ஆனால் புதிய நாட்டில் பிறரோடு ஒன்றுபட்டு நின்றதற்கு ஒருவர் கொடுத்த விலை அது என்பதை மறைக்க இயலாது.

எல்லா இடத்திலும் முடிவு அவ்வாறே அமையவில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவின் நைரோபி நகரை எடுத்துக்கொள்வோம். அங்கே சென்றவர்கள் நம் தமிழர் அல்லர். பஞ்சாபியரும் குஜராத்தியரும் ஆவர். கொத்தர், தச்சர், இயந்திரம் பழுதுபார்ப்போர் எனத் திறன்மிக்க கைவினைஞர் பலர். சீக்கியர், முஸ்லிம்கள், இந்துக்கள் அனைவரும் அங்கே சிறுபான்மையரே. 1934இல் அவர்கள் 'இந்தியத் தொழிற்சங்கம்' ஒன்றை அமைத்தனர். மறு ஆண்டு, அச்சுக்கூடத்தில் உழைத்துவந்த மக்கன் சிங் என்ற இருபத்தொரு வயது இளைஞர் அதன் செயலாளரானார். அவர் செய்த முதல் வேலை பெயரை மாற்றியது. 'இந்திய' என்ற சொல்லை நீக்கி, கென்யாத் தொழிலாளர் சங்கம் என்று பெயரிட்டு, எவ்வினத்தவரும் சேரலாம் என்று கதவைத் திறந்தார். ஊர்ச் சங்கத்தைத் தொழிற்சங்கமாக்கியது அந்த ஒரு சொல்லின் நீக்கமே. 1937 ஏப்ரலில் தொடங்கிய வேலைநிறுத்தம் 62 நாட்கள் நீடித்தது. நூற்றுக்கு 15 முதல் 22 வரை ஊதிய உயர்வும், சங்கத்திற்கு அங்கீகாரமும் கிடைத்தன.

மக்கன் சிங்கும் விலை கொடுத்தார். தாயகம் வந்திருந்தபோது 1940இல் இங்கே அவரைச் சிறைப்பிடித்தனர். 1947இல் கென்யா திரும்பினார். ஆப்பிரிக்கத் தலைவர் பிரெட் குபாயுடன் சேர்ந்து 1949இல் கிழக்கு ஆப்பிரிக்கத் தொழிற்சங்கக் காங்கிரசை அமைத்தார். 1950 மே முதல் 1961 அக்டோபர் வரை, பதினோராண்டுக்கு மேல், காவலில் வைக்கப்பட்டார். இந்தியாவில் கென்யாக்காரராகவும், கென்யாவில் இந்தியராகவும் கருதப்பட்ட அவருக்கு எந்த அரசும் இடம் தரவில்லை. சங்கம் மட்டுமே இடம் தந்தது.

இனி நம் காலத்துச் சபுருக்கு வருவோம். 1970களில் எண்ணெய் விலை உயர்ந்தபின் நம் இளைஞர்களின் திசை கிழக்கிலிருந்து மேற்கே திரும்பியது. சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் நம்மை ஏற்றிச்சென்ற 'ரஜூலா' கப்பல் ஓய்வுபெற்ற காலமும் ஏறத்தாழ அதுவே. வெல்டர், பிட்டர், எலக்ட்ரீஷியன், டெய்லர் என்று விசாவிலேயே தொழில் எழுதப்பட்டது. கடையநல்லூர் நெசவாளருக்கு வாய்க்காதது இவர்களுக்கு வாய்த்தது: கைத்திறன் கூடவே சென்றது. ஆனால் சங்கம்?

குவைத்தில் 2010 வரை நடப்பில் இருந்த 1964ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, அந்நிய நாட்டவர் ஐந்தாண்டு உழைத்த பின்னரே சங்கத்தில் சேர முடிந்தது. சேர்ந்தாலும் வாக்களிக்கவோ தேர்தலில் நிற்கவோ முடியவில்லை. சங்கம் தொடங்கவே நூறு தொழிலாளர் வேண்டியிருந்தது. அவர்களில் பதினைவராவது குவைத்தியராக இருக்க வேண்டியிருந்தது. சவூதியில் 1953இல் எண்ணெய்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 1956இல் வேலைநிறுத்தமே அரச ஆணையால் தடை செய்யப்பட்டது. பஹ்ரைன் 2002இல் இயற்றிய சங்கச் சட்டம் வெளிநாட்டவரும் உறுப்பினராக இடமளித்தது. வளைகுடாவில் அது ஒரு திருப்பம்.

மண்ணரை இளைஞர் செல்லும் யோர்தானின் நிலை தனியானது. அமெரிக்காவுடன் ஏற்பட்ட வணிக உடன்பாடுகளால் இர்பித், சஹாப், துலைல் ஆகிய இடங்களில் ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. அங்கே உழைப்போரில் பெரும்பாலோர் வெளிநாட்டவர். வங்கதேசத்தார், இலங்கையர், இந்தியர், நேபாளியர். ஆனால் 2010ஆம் ஆண்டு வரை அவர்களுக்குச் சங்கத்தில் சேரும் உரிமையே இல்லை. அவ்வாண்டுத் திருத்தம் உறுப்பினராக அனுமதித்தது. சங்கத்தை நிறுவவோ பொறுப்பு வகிக்கவோ அனுமதிக்கவில்லை. நம் நாட்டைப் போலப் பல சங்கங்களும் அங்கே இல்லை. ஒவ்வொரு தொழில்துறைக்கும் ஒரே சங்கம். ஆலையில் பெரும்பான்மையர், சங்கத்தில் குரலற்றவர் என்னும் விந்தை இது! எனினும் 2013இல் ஆடைத்தொழில் முழுவதற்கும் அச்சங்கம் செய்த கூட்டு ஒப்பந்தம் வெளிநாட்டுத் தொழிலாளரையும் உட்கொண்டது. உணவுக்கும் உறைவிடத்திற்கும் ஒரு மதிப்பிட்டு அதையும் ஊதியத்தில் சேர்த்துக் கணக்கிடும் வழக்கம் அங்கே உண்டு. வேலைக்கு ஆள் சேர்ப்போர் 'மொத்தச் சம்பளம்' என்று சொல்லும்போது கையில் வருவது எவ்வளவு, சோற்றுக்குக் கழிவது எவ்வளவு என்று கேட்டறிய வேண்டியது இதனால்தான்.

சில நாட்கள் கழித்து மீண்டும் மண்ணரை சென்றோம். நாம் அறிந்தவற்றைச் சொன்னோம். இங்குள்ள அட்டை அங்கே செல்லாது. எண்மர் சங்கத்தின் கிளையை அங்கே தொடங்கவும் இயலாது. இருப்பது ஒரே சங்கம், அதில் உறுப்பினராகத் தடையில்லை. ஒப்பந்தத்தின் படி ஒன்றைத் தமக்குப் புரியும் மொழியில் கேட்டு வாங்குவது முதல் வேலை என்றோம். இளைஞர் பொறுமையாகக் கேட்டார்.

"நம்ம சங்கத்தை விட்டுட்டு வேற சங்கத்துல சேர்ந்தா துரோகம் ஆகாதா மாமா?" என்றார்.

அதற்கு நாம் வாய் திறக்குமுன் அவருடைய தந்தை பேசினார். 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாட்கள் பனியன் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, தம் தெருவில் மூன்று கொடிச் சங்கத்தினரும் எக்கொடியும் இல்லாதவரும் இருந்தார்கள் என்றார். நான்காம் மாதத்தில் வீட்டில் அரிசி தீர்ந்தது. படி அரிசி கொண்டுவந்து கொடுத்தவர் எந்தச் சங்கம் என்று தாம் அன்றும் கேட்கவில்லை, இன்றும் தெரியாது என்றார். பின்னர், பழைய தகரப் பெட்டியிலிருந்து அந்த ஆண்டின் சந்தா ரசீதுகளை எடுத்துக் காட்டினார். மை மங்கிப்போயிருந்தது.

மகன் தம் உறுப்பினர் அட்டையை அந்த ரசீதுகளோடு வைத்துப் பெட்டியை மூடினார். யோர்தான் சென்று சேர்ந்ததும் அங்குள்ள சங்கத்தில் மாதச் சந்தா எவ்வளவு, சம்பளத்திலேயே பிடித்துக்கொள்கிறார்களா, நம் ஊர்க்காரர் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று விசாரித்து எழுதச் சொல்லியிருக்கிறோம்.